தேதி சொன்ன குரல்

அலாரம் அலறியபோது முதல்வர் அறவாழி, தன் ஐந்தாண்டு ஆட்சியைப் பற்றிய முதல் வாக்கியத்தை நான்காவது முறையாக அடித்துத் திருத்திக்கொண்டிருந்தார்.

நடைகூடத்தில் பாதுகாவலர்கள் ஓடினார்கள். கதவுகள் தாமாகப் பூட்டிக்கொண்டன. இரண்டு நிமிடம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. பொதுப்பணித் துறை ஆட்கள் இருவர் வரவேற்பறையில் ஏணி போட்டு முதல்வரின் படத்தை இறக்கியிருக்கிறார்கள். படத்துக்குப் பின்னால் பாதுகாப்புக் கம்பி ஓடுவது அவர்களுக்குத் தெரியாது. இந்தப் படத்தைத் திருடவும் ஒருவன் வருவான் என்று ஐந்தாண்டுகளுக்கு முன்பு ஏதோ ஓர் அதிகாரி நம்பியிருக்கிறார்.

சட்ட அமைச்சர் குமரகுரு வெளியே எட்டிப் பார்த்தார். "நாளைக்குக் காலையிலதானேய்யா எறக்கணும்? அதுக்குள்ள என்ன அவசரம்?"

"புதுப் படம் அளவுல பெருசு சார்," என்றார் ஏணியில் இருந்தவர். "ஆணி மாத்தி அடிக்கணும்."

குமரகுரு கதவைச் சாத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "கேட்டீங்களா தலைவரே? தோத்ததைவிட இதுதான் வலிக்குது."

அறவாழி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தோல்வி வந்து பதினோரு நாள் ஆகிறது. முதல் மூன்று நாள் தூக்கம் இல்லை, அடுத்த மூன்று நாள் தூக்கம் மட்டுமே இருந்தது. அதன்பிறகு எல்லாம் சற்றுத் தள்ளி, வேறு யாருக்கோ நடப்பதுபோலத் தெரிய ஆரம்பித்துவிட்டது. சென்னையின் பாதி கடலுக்குள் போனதும் தலைநகரம் திருச்சிக்கு வந்தது. அந்தப் புதிய தலைமைச் செயலகத்தில் இது அவருடைய கடைசிப் பிற்பகல். ஆறு மணிக்கு அவர் மக்களுக்கு நிறைவுரை ஆற்ற வேண்டும். காலையில் அடுத்தவர் பதவியேற்கிறார்.

குமரகுரு வரைவை எடுத்து வாய்விட்டுப் படித்தார். "'இந்த ஐந்தாண்டுகளில் நாலு கோடியே பதினெட்டு லட்சம் முறை நான் என் மக்களோடு பேசியிருக்கிறேன்.' இதை மாத்திடுங்க தலைவரே. எதிர்க்கட்சிக்காரன் எந்திரிச்சு, பேசினது நீயா உன் மறுகுரலான்னு கேப்பான்."

"நாளையிலேர்ந்து அவங்க ஆளுங்கட்சி."

"பழக்கதோஷம்."

"ரெண்டும் ஒண்ணுதான்னு நாமதானே ஆணை போட்டோம்?"

"போட்டோம். நான்தான் எழுதினேன். அதான் பயமா இருக்கு."

மறுகுரல் அவர்களுடைய ஆட்சியின் முதல் சாதனை. மாநிலத்தில் யார் வேண்டுமானாலும் ஒரே எண்ணை அழைத்து முதல்வரோடு பேசலாம். ஒரே சமயத்தில் ஐயாயிரம் பேர் பேசினாலும் ஐயாயிரம் பேருக்கும் அறவாழியின் குரல் பதில் சொல்லும். அவருடைய முப்பது வருடப் பேச்சுகள், கோப்புகளின் ஓரத்தில் அவர் எழுதிய குறிப்புகள், சட்டமன்றத்தில் அவர் மடக்கிய விதம், மழுப்பிய விதம் எல்லாவற்றையும் விழுங்கிச் செரித்துவிட்டு, அவர் என்ன சொல்வாரோ அதையே சொல்லும் கருவி அது. நேரம் கிடைக்கிறபோது அவரும் அதே எண்ணில் உட்கார்ந்து பேசுவார். பேசியது ஆளா, கருவியா என்று எந்த அழைப்பிலும் குறிக்கக் கூடாது என்பது முதல் மாதத்தில் போட்ட ஆணை. மக்கள் எல்லாரும் முதல்வரோடுதான் பேசினார்கள் என்று இருக்கட்டும் என்றார் அறவாழி. அமைச்சரவை மேசை முழுவதும் கைதட்டல்.

அதற்கு ஈடாக எதிர்க்கட்சி ஒரு விதியைச் சேர்க்க வைத்தது. பதவியை விட்டுப் போகிற அரசு, யாராவது மனுப்போட்டுக் கேட்டால், அந்த உரையாடலைக் கேட்டுப்பார்த்து 'என் சொல்' அல்லது 'என் சொல் அல்ல' என்று கையொப்பம் இட வேண்டும். 'என் சொல்' என்றால் அடுத்து வரும் எந்த அரசையும் அது கட்டுப்படுத்தும். 'என் சொல் அல்ல' என்றால் அந்தப் பேச்சு காற்றோடு போனது. உண்மையில் பேசியது யார் என்பது வேறொரு மூலப் பதிவேட்டில் முத்திரை வைத்துக் கிடக்கும். கடைசி நாள் ஐந்து மணிக்குக் கையொப்பங்கள் முடிந்த பிறகுதான் அது திறக்கும். திறந்தபின் எதையும் மாற்ற முடியாது. வாயைவிடக் கைக்கு மதிப்பு அதிகம் என்பது அந்தச் சட்டத்தின் சாரம்.

மூன்று நாளாக அறவாழி முந்நூற்றுப் பதினொரு உரையாடல்களைக் கேட்டு முடித்திருந்தார். தன் குரலைத் தானே இவ்வளவு நேரம் கேட்ட மனிதர் வேறு யாரும் இருக்க முடியாது. பெரும்பாலானவை சின்ன விஷயங்கள். 'பரிசீலிக்கப்படும்' என்றும், 'ஆவன செய்யப்படும்' என்றும், 'உங்கள் மனு என் கவனத்தில் இருக்கிறது' என்றும் அந்தக் குரல் அலுக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தது. அவற்றை ஏற்பதில் ஒரு சிரமமும் இல்லை.

ஒன்று மட்டும் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. தேர்வில் தோற்ற ஒரு மாணவியிடம் அந்தக் குரல், "தோத்தவன் முகத்தை நான் பதினஞ்சு வருஷம் கண்ணாடியில பார்த்துப் பல் தேய்ச்சிருக்கேன்மா. அது ஒண்ணும் அவ்வளவு மோசமான முகம் இல்லை," என்றது. அந்தப் பெண் அழுகையை விட்டுச் சிரித்தது பதிவில் கேட்டது. கருவிக்கு இப்படி வராது என்று அறவாழிக்குச் சந்தேகமே இல்லை. 'என் சொல்' என்று அழுத்தி எழுதிவிட்டு, நிறைவுரையிலும் அதைச் சேர்த்துக்கொண்டார்.

மூன்றே முக்காலுக்குப் பதிவுக் காவலர் சடகோபன் உள்ளே வந்தார். ஐம்பது வயது தாண்டியவர். மறுகுரல் கருவியை நிறுவிய நாளிலிருந்து அதோடு இருப்பவர். கக்கத்தில் எப்போதும் ஒரு சுக்குக்காப்பிக் குடுவை இருக்கும்.

"இன்னும் ஒண்ணு இருக்குங்க ஐயா. முந்நூத்திப் பன்னெண்டு. மனுதாரரே நேர்ல வந்திருக்காங்க. காலையிலேர்ந்து கீழ உக்காந்திருந்தாங்க. அலாரம் அடிச்சதுல கதவு பூட்டி, வெளியவும் போக முடியல, உள்ளயும் வர முடியல."

"நேர்ல எதுக்கு? பதிவை மட்டும் போடுங்க," என்றார் குமரகுரு.

"வரட்டும்," என்றார் அறவாழி.

வந்த பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வருகிற வெடிப்பு இரண்டு பாதங்களிலும். பெயர் ஜெசிந்தா, தென்கரையில் பனையடித்துறை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து முதல்வரை நிமிர்ந்து பார்த்தார்.

"டிவில பாக்கதுக்கு மெலிஞ்சிருக்கியளே ஐயா."

"டிவியில எல்லாரையும் கொஞ்சம் ஊதித்தான் காட்டுவாங்கம்மா. சொல்லுங்க."

"நான் என்னத்தச் சொல்ல. நீங்க சொன்னதைக் கேட்டுத்தான் இருக்கோம். ரெண்டாம் வருசம் பெரிய புயல் அடிச்சுதுல்லா, அன்னைக்கு உங்களுக்குப் போன் போட்டேன். எடுத்திய. ஊரைக் காலி பண்ணிட்டு மேட்டுக்குப் போங்க, அந்த எடம் உங்களுக்குத்தான்னு சொன்னிய. போனோம். நாப்பத்திரெண்டு வீடு. மறுநா வெடியக்குள்ள கீழ ஒரு செவுரு நிக்கல. ஆனா எங்கள்ள ஒரு உசுரு போவல."

"இப்ப என்ன பிரச்சினை?"

"அந்த மேட்டுலதான் ராக்கெட் எண்ணெய்க் கெடங்கு கெட்டிட்டாவளே. சுத்தி வேலி போட்டு, வேலிக்கு வெளிய ஒரு ஓரமா எங்கள விட்டு வச்சிருந்தாவ. இப்ப அதுவும் ஆக்கிரமிப்புன்னு நோட்டீசு. செவ்வாக்கெழமை வண்டி வருது. மத்த ஊருக்காரங்க எல்லாம் அப்பவே அரசாங்கம் குடுத்த அடுக்குமாடிக்குப் போயிட்டாவ. நாங்க போவல. மொதலமைச்சரே எடம் தாரேன்னு சொல்லியிருக்கையில மாடிவீடு எதுக்குன்னு வேண்டாம்னுட்டோம்."

"அது தப்புக் கணக்கும்மா," என்றார் குமரகுரு.

"தப்போ சரியோ, அஞ்சு மணிக்குள்ள ஐயா 'என் சொல்'லுன்னு ஒரு கையெழுத்துப் போட்டா நாங்க இருக்கலாம்னு வக்கீல் சொன்னாவ. அதான் வந்தேன்."

குமரகுரு எழுந்து அறவாழியின் காதருகே குனிந்தார். குனிய வேண்டிய தேவையே இல்லை. அறையில் இருந்த எல்லோருக்கும் விஷயம் புரிந்திருந்தது. விண்கல எரிபொருள் கிடங்கு இந்த ஆட்சியின் பெருமை. நிறைவுரையில் இரண்டாவது பத்தி. அந்த மேட்டை உப்பளத்து மக்களுக்குக் கொடுத்தேன் என்று கையொப்பம் இட்டால், கொடுத்த இடத்தையே பிடுங்கிக் கிடங்கு கட்டினேன் என்றும் ஆகும். கிடங்கை நகர்த்த வேண்டிவரும். ஐந்தாண்டுகளைப் பற்றி யார் எதை எழுதினாலும் முதல் வரி அதுவாகத்தான் இருக்கும்.

"பதிவைப் போடுங்க," என்றார் அறவாழி.

சடகோபன் போட்டார்.

முதலில் காற்றின் இரைச்சல். தகரம் ஒன்று படபடவென்று அடித்துக்கொண்டது. எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது. பிறகு ஜெசிந்தாவின் குரல், இப்போதையதைவிட மெல்லியதாக, சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் திக்கியது. அடுத்து அறவாழியின் குரல்.

"பதறாதீங்க. உங்க பேரு என்னம்மா? ஜெசிந்தாவா? சரி. ஜெசிந்தா, எத்தனை வீடு இருக்கு? ... நாப்பத்திரண்டா? உங்க ஊருக்கு மேக்கால பழைய விமான ஓடுதளம் ஒண்ணு மேட்டுல கெடக்குல்ல? அங்க போங்க. இப்பவே கெளம்புங்க. வேலி இருந்தா உடைச்சுக்கிட்டுப் போங்க. யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"பொறவு வெரட்டிருவாவளே ஐயா..."

"வெரட்ட மாட்டாங்க. அந்த இடம் உங்களுக்கு. வீட்டுக்கு ஒரு பட்டா. ஜனவரி பதினஞ்சாம் தேதி உங்க கையில இருக்கும். மறந்துடாதீங்க, ஜனவரி பதினஞ்சு."

கொஞ்ச நேரம் காற்று மட்டும். பிறகு அந்தக் குரல், சோர்வாக, "சாப்பிட்டீங்களா?" என்றது.

"இல்லைய்யா."

"நானும் இல்லை. போங்க, கெளம்புங்க."

பதிவு நின்றது. ஜெசிந்தா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், தெரிந்த பாட்டைக் கேட்டவர்போல.

அறவாழி வலது காது மடலைத் தேய்த்துக்கொண்டார். அங்கே ஒரு பழைய தழும்பு உண்டு. அந்தப் புயலின்போது மூன்று நாள் கட்டுப்பாட்டு அறையில் காதுக் கருவியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்ததில் வந்த புண் அது. அந்த மூன்று நாளைப் பற்றி அவருக்கு நினைவில் இருப்பது குறைவு. கறுப்புத் தேநீர். சுவரில் சிவந்துகொண்டே போன வரைபடம். உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தது. இடையிடையே சிலரோடு பேசினார். யாரோடு, என்ன என்று கேட்டால் தெரியாது. ஆயிரக்கணக்கான அழைப்புகளை மறுகுரல் பார்த்துக்கொண்டது. அதற்குத்தானே அது இருந்தது.

"இன்னொரு தடவை போடட்டுங்களா ஐயா?" சடகோபன் கேட்டார்.

"வேணாம்."

"நேரம் இருக்குங்க. நிதானமா..."

"சடகோபன்," என்றார் குமரகுரு, "கையொப்பத்துக்கு முன்னாடி காவலர் அபிப்பிராயம் சொன்னா ஏழு வருஷம் ஜெயில். ஞாபகம் இருக்குல்ல?"

"நான் ஒண்ணும் சொல்லலைங்களே. மறுபடி போடட்டுமான்னுதான் கேட்டேன்." சடகோபன் குடுவையின் மூடியைத் திறந்து, குடிக்காமல், திரும்ப மூடினார்.

அறவாழி நேர்மையான மனிதர் என்று எதிரிகளும் சொல்வதுண்டு. தன் ஆட்சியைக் காப்பாற்றுவதற்காக ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பொய்யாகக் கையொப்பம் இடுகிறவர் அல்லர். அதனால் அவர் உண்மையாகவே யோசித்தார். இது நானா?

அவரைக் குடைந்தது, இடம் தருவதாகச் சொன்னதல்ல. மக்கள் சாகக் கிடக்கும்போது யாரும் எதையும் சொல்வார்கள். கடைசியில் வந்த அந்த 'நானும் இல்லை'தான் உறுத்தியது. கருவிக்கு ஏது பசி? ஒரு பெண்ணின் நெஞ்சைத் தொடுவதற்காக அது தன் பட்டினியைக் கற்பித்துச் சொல்லியிருக்கிறது. தன் குரலில் இப்படி ஒரு நடிப்பைக் கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. அது தவிர இன்னொன்று.

"அம்மா, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்கக் கூடாது," என்றார். "முப்பது வருஷமா அரசியல்ல இருக்கேன். இடம் தர்றேன்னு சொல்லியிருக்கேன், ரோடு போடுறேன்னு சொல்லியிருக்கேன், பாலம் கட்டுறேன்னு சொல்லியிருக்கேன். ஆனா எவனுக்கும், எந்த நிலைமையிலயும், தேதி சொன்னதில்லை. எங்க தலைவர் எனக்குச் சொல்லிக்குடுத்த முதல் பாடம் அது. தேதி சொன்னவன் அந்தத் தேதியில மாட்டிக்குவான். என் பெண்டாட்டி என்னைக்கு ஊருக்குப் போகலாம்னு கேட்டாக்கூட நான் தேதி சொல்ல மாட்டேன்."

"அது உண்மைதாம்மா," என்றார் குமரகுரு. "அண்ணி அதுக்காகவே தனியா ரயில்ல போவாங்க."

"இதுல ரெண்டு தடவை தேதி வருது. இது நான் இல்லை."

"அன்னைக்கு ஒரு நா மட்டும் சொன்னியளோ என்னமோ," என்றார் ஜெசிந்தா மெதுவாக.

"இல்லைம்மா. நான் பேசாததைப் பேசினேன்னு எழுதினா அதுவும் பொய்தானே?"

இதைச் சொன்னபோது தன் குரல் எவ்வளவு நிதானமாக இருந்தது என்பதை அறவாழி கவனித்தார். மூன்று நாளாகக் கேட்டுக் கேட்டு அந்தக் குரல் அவருக்குப் பழகிவிட்டிருந்தது. தாளை இழுத்து, 'என் சொல் அல்ல' என்று எழுதிக் கையொப்பம் இட்டார். குமரகுரு சாட்சிக் கையொப்பம் இட்டார். சடகோபன் தாளை வாங்கி, மை உலரட்டும் என்று ஊதாமல், அப்படியே மடித்தார்.

"கிடங்குக்காரங்ககிட்ட சொல்லி ஒரு மாசம் அவகாசம் வாங்கித் தரப் பார்க்கிறேன்," என்றார் அறவாழி. சொல்லும்போதே, நாளை முதல் தன் பேச்சை யாரும் கேட்க வேண்டியதில்லை என்பது நினைவுக்கு வந்தது. "புது முதல்வர்கிட்டயும் எடுத்துச் சொல்றேன்."

"என்னைக்கு ஐயா?"

அறவாழி பேனாவை மூடி வைத்தார்.

ஜெசிந்தா எழுந்தார். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார். முகத்தில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

"அப்போ அன்னைக்கு எங்களக் காப்பாத்துனது யாருய்யா?"

"கருவிம்மா. மறுகுரல்."

"அது எங்கன இருக்கு? இந்தக் கட்டடத்துலயா?" சடகோபனைப் பார்த்தார். "இம்புட்டுத் தூரம் வந்தாச்சு. அதுகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறேன். மூணு வருசமா எந்தப் பூசையிலயும் உங்க பேரச் சொல்லித்தான் மெழுகுவத்தி ஏத்துனோம். ஆள் மாறிப்போச்சுல்லா."

"நாளைக்குக் காலையில அதை நிறுத்திடுவாங்கம்மா," என்றார் சடகோபன். "புது ஐயா குரலை ஏத்தணும்."

"ஓ," என்றார் ஜெசிந்தா. "அதுக்கும் படத்த எறக்கியாச்சா." வெளியே போனார். ஏணி இழுபடும் சத்தம் நடைகூடத்தில் அவரோடு கொஞ்சதூரம் போனது.

அதன்பிறகு ஒரு மணி நேரம் இருவரும் நிறைவுரையைத் திருத்தினார்கள். நாலு கோடியே பதினெட்டு லட்சம் இருக்கட்டும் என்று முடிவானது. கிடங்கைப் பற்றிய பத்தி இரண்டாவதாகவே நின்றது. மாணவியிடம் சொன்ன கண்ணாடி வாசகத்தை உரையின் முடிவுக்குக் கொண்டுபோகலாம் என்றார் குமரகுரு. தோற்றவர் சொன்னால் இன்னும் எடுபடும் என்பது அவர் வாதம். முதல் வாக்கியம் மட்டும் அமையவில்லை. 'சொன்னதைச் செய்தோம்' என்று ஒருமுறை எழுதி, அறவாழியே அதை அடித்தார்.

ஐந்து மணிக்குச் சடகோபன் மூலப் பதிவேட்டோடு வந்தார். முத்திரை தானாக விலகியிருந்தது. சட்டப்படி விலகும் முதல்வர் அதைப் பார்வையிட்டு, பார்த்தேன் என்று ஒரு கீற்றுப் போட வேண்டும். அதன்பிறகு பதிவேடு ஆவணக் காப்பகத்துக்குப் போகும். மறுகுரல் பேசிய ஒவ்வொரு உரையாடலும் நாள் வாரியாக அதில் இருக்கும். அதில் இல்லாதவை அவரே பேசியவை.

குமரகுரு ஒளிபரப்பு ஏற்பாட்டைப் பார்க்கப் போய்விட்டார். அறவாழி கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை நகர்த்தினார். முதலில் அவர் தேடியது மாணவியின் பெயரை. இருந்தது. மறுகுரல், பதினொரு நிமிடம்.

அவர் கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி, பல் தேய்ப்பது எல்லாம் அதனுடையதா? பரவாயில்லை, என்னிடமிருந்து கற்றதுதானே என்று தோன்றியது. நிறைவுரையிலிருந்து அதை எடுக்க இனி நேரமில்லை.

பிறகு, தேவையில்லாமல்தான், இரண்டாம் ஆண்டு, புயல் அடித்த நவம்பருக்குப் போனார். இருபது வரை பக்கம் பக்கமாக இருந்தது. இருபத்து நான்கிலிருந்து மறுபடியும் பக்கம் பக்கமாக இருந்தது. நடுவே மூன்று நாள் திரை வெறுமையாக இருந்தது.

"சடகோபன், இங்க ஏதோ விட்டுப்போயிருக்கே? இருபத்தொண்ணு, இருபத்திரண்டு, இருபத்துமூணு. ஒண்ணுமே காணோம்."

"விட்டுப்போகலைங்க ஐயா. புயல்ல கருவிக்கூடம் தண்ணியில முங்கி, மூணு நாளும் கருவி ஓடவே இல்லை. அன்னிக்கே செயலாளர்கிட்ட ஓடிவந்து சொன்னேன். இந்த நேரத்துல ஐயா காதுக்கு இதைக் கொண்டுபோக வேணாம்னுட்டாரு. அப்புறம் யாரும் கேக்கலை."

அறவாழியின் விரல் காது மடலுக்குப் போய், தழும்பின்மேல் நின்றது. வரவேற்பறையில் யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓடின நாள்ல?" என்று கேட்டார் கடைசியில். "நாலு கோடிப் பேச்சு பேசியிருக்கே. அதுல எத்தனை பேருக்கு அது தேதி சொல்லியிருக்கு?"

"ஒருத்தருக்கும் இல்லைங்க ஐயா," என்றார் சடகோபன். "உங்ககிட்டதானே அது பேசக் கத்துக்கிட்டது."